டெஸ்டர் கிட்: புது பேட்டரி போட்டும் 1.2 வோல்ட் காட்டி அணைந்துவிடுகிறது

தோப்புக்காரன் (கொழிஞ்சாம்பாறை) எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் வேலந்தாவளம் செக்போஸ்ட்டுக்குக் கேரளா பக்கம். ஊரில் ஃபேன், எல்இடி பல்பு, மிக்ஸி என்று அக்கம்பக்கத்தில் கொடுப்பதைப் பிரித்துப் பார்ப்பது பழக்கம், தொழில் இல்லை. என் மல்டிமீட்டரில் கண்டென்சர் பார்க்க வழியில்லை என்பதால், ஆன்லைனில் விலை குறைந்த கம்போனென்ட் டெஸ்டர் கிட் ஒன்று வாங்கினேன் (பாகத்தைச் சொருகினால் அது என்ன, அளவு எவ்வளவு என்று காட்டும் கருவி, நாமே ஈயம் வைத்துச் சேர்க்க வேண்டும்). ஏடிமெகா328 ஐசி, இரண்டு வரி எல்சிடி, 9 வோல்ட் பேட்டரி கிளிப், ஒரு கவர் நிறைய ரெசிஸ்டர். விளக்கத் தாள் முழுக்கச் சீன மொழி. இரண்டு ராத்திரி உட்கார்ந்து ஈயம் வைத்து முடித்தேன்.

பட்டனை அழுத்தினால் டிஸ்ப்ளே எரிகிறது, எழுத்தும் தெளிவாக வருகிறது, ஆனால் பேட்டரி 1.2 வோல்ட், காலி என்று காட்டிவிட்டு அப்படியே அணைந்துபோகிறது. பேட்டரி பழசோ என்று ஜங்ஷன் கடையில் புதிது வாங்கிப் போட்டேன், அதிலும் அதே 1.2. மல்டிமீட்டரில் அதே பேட்டரி 9.2 காட்டுகிறது. ஐசி போய்விட்டதா? திருப்பி அனுப்புவதென்றால் நான் ஈயம் வைத்த போர்டை யார் எடுப்பார்கள்?

பழைய வால்வு எழுதியது:

ஐசியைச் சாக்கெட்டில் சரியான பக்கம்தான் வைத்தீர்களா? ஒரு கால் வளைந்து அடியில் மடங்கியிருந்தாலும் இப்படி ஏடாகூடமாக வரும். அப்புறம் 5 வோல்ட் ரெகுலேட்டரைப் பாருங்கள். இந்தக் கிட்டுகளில் ரெகுலேட்டர், டிஎல்431 ரெஃபரன்ஸ் ஐசி, எஸ்9014, எஸ்9015 டிரான்சிஸ்டர்கள் எல்லாமே ஒரே மாதிரி மூன்று கால் கருப்புப் பொட்டாக இருக்கும், லென்ஸ் இல்லாமல் எழுத்தைப் படிக்க முடியாது. என் முதல் கிட்டில் இரண்டை மாற்றி வைத்து அரை நாள் போனது.

ஈயப்புகை (பொள்ளாச்சி) எழுதியது:

ஐசி நன்றாகத்தான் இருக்கிறது தம்பி. எழுத்து ஒழுங்காக வந்து, அதுவே பேட்டரியை அளந்து, போதாது என்று முடிவு கட்டி அணைக்கிறது என்றால் ஐசியும் ரெகுலேட்டரும் வேலை செய்கின்றன என்றுதான் அர்த்தம். அணைத்துக்கொள்ளும் டிரான்சிஸ்டர்களும் சரி.

நீங்கள் சொன்ன 1.2தான் துப்பு. 9 வோல்ட்டை நேராக ஐசி காலில் விட முடியாது என்பதால் 10 கே (கிலோ ஓம்), 3.3 கே இரண்டு ரெசிஸ்டர் போட்டுப் பிரித்துக் கொடுப்பார்கள். 9.2 வோல்ட் வந்தால் காலில் கிட்டத்தட்ட 2.3 இருக்கும், ஐசி அதை நான்கால் பெருக்கி 9.2 என்று காட்டும். அந்த 10 கே இடத்தில் 100 கே உட்கார்ந்திருந்தால்? காலில் 0.29 வோல்ட்தான் இருக்கும். நான்கால் பெருக்கிப் பாருங்கள், உங்கள் 1.2 வந்துவிடும்.

நீல நிற உடம்பில் ஐந்து பட்டை உள்ள ரெசிஸ்டரில் 10 கே என்றால் பழுப்பு, கருப்பு, கருப்பு, சிவப்பு, பழுப்பு. 100 கே என்றால் சிவப்புக்குப் பதில் ஆரஞ்சு, அவ்வளவுதான் வித்தியாசம். ராத்திரி ட்யூப்லைட்டில் அந்தச் சிவப்பையும் ஆரஞ்சையும் பிரித்துச் சொல்கிற கண் எனக்கும் கிடையாது. இதில் இன்னொரு கூத்து, 10 கேவைத் தலைகீழாகப் படித்தால் 120 ஓம் ஆகிவிடும். அதனால் பட்டையை நம்பாமல் ஒவ்வொன்றையும் மீட்டரில் வைத்துப் பார்த்த பிறகே போர்டில் போடுவது என் வழக்கம். இப்போது ஒரு காலைத் தூக்கிவிட்டு அளந்து பாருங்கள், போர்டில் இருக்கும்போது அளந்தால் பக்கத்து ரெசிஸ்டரும் சேர்ந்து குறைத்துக் காட்டும்.

தோப்புக்காரன் எழுதியது:

அண்ணா, அதேதான்! 10 கே என்று அச்சடித்த இடத்தில் 99.6 கே. 100 கே போக வேண்டிய இடத்தில் 10 கே. இரண்டையும் மாற்றினேன், ஒரு இடத்தில் செம்புப் பட்டை லேசாக உரிந்துவிட்டது, ஒயர் துண்டு வைத்து ஒட்டினேன். பேட்டரி 9.1 காட்டுகிறது. கையில் கிடைத்ததை எல்லாம் சொருகிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், வீட்டில் திட்டு. மெதுவாக ஓடுகிறது என்று ஒருவர் கொடுத்த ஃபேனின் 2.5 மைக்ரோ ஃபாரட் கண்டென்சர் 1.3தான் இருந்தது, புதிது போட்டதும் பறக்கிறது.

ஆனால் ஃபேன் ரெகுலேட்டரில் இருந்து எடுத்த பிடி136 டிரையாக்கை (ஏசி கரண்டைக் கட்டுப்படுத்தும் மூன்று கால் சுவிட்ச்) வைத்தால் என்னவென்றே தெரியவில்லை என்கிறது. 12 வோல்ட் ஜீனரை (தலைகீழாக 12 வோல்ட் வந்தால்தான் கரண்டை விடும் டயோடு) வைத்தால் சாதா டயோடு என்கிறது. இரண்டும் போய்விட்டதா?

ஈயப்புகை எழுதியது:

தூக்கிப் போடாதீர்கள். உள்ளே இருப்பது 5 வோல்ட். மூன்று காலையும் 680 ஓம், 470 கே வழியாக மாற்றி மாற்றி மேலே கீழே இழுத்துப் பார்த்துத்தான் அது இன்ன பொருள் என்று கண்டுபிடிக்கிறது. 680 ஓம் வழியாக 5 வோல்ட் கொடுத்தால் 7 மில்லி ஆம்பியர் வருவதே பெரிது. பிடி136ல் பல வகைக்குக் கேட் கரண்ட் (டிரையாக்கை ஆன் செய்ய அதன் கேட் காலில் கொடுக்கும் கரண்ட்) அதைவிட அதிகம் வேண்டும், அதனால் நல்ல டிரையாக்கும் எழுந்திருக்காது. 12 வோல்ட் ஜீனரை 5 வோல்ட்டால் எப்படி உடைப்பது? டயோடாகத் தெரிவதே அதற்கு உயிர் இருக்கிறது என்பதற்கு அடையாளம்.

இன்னொன்று முக்கியம். ஃபேன் கண்டென்சரைச் சொருகுவதற்கு முன் டிஸ்சார்ஜ் செய்தீர்களா? இல்லையென்றால் உங்களுக்கு நல்ல நேரம். மிச்சம் இருக்கிற சார்ஜ் நேராக ஐசி காலுக்குள் போகும், அத்தோடு டெஸ்டர் காலி. ஒரு பழைய 60 வாட் குண்டு பல்பை ஹோல்டரோடு வைத்துக்கொள்ளுங்கள், அதன் இரண்டு ஒயரையும் கண்டென்சரில் ஒரு நொடி தொட்டுவிட்டு அப்புறம் சொருகுங்கள்.

பழைய வால்வு எழுதியது:

செல்ஃப் டெஸ்ட் செய்தீர்களா? டெஸ்டரில் பாகம் சொருகும் 1, 2, 3 மூன்று துளைகளையும் ஒரே ஒயரால் இணைத்து பட்டனை அழுத்துங்கள். எடுக்கச் சொல்லும்போது ஒயரை எடுத்துவிட வேண்டும். கடைசியில் 1க்கும் 3க்கும் நடுவில் கண்டென்சர் கேட்கும், 100 நானோ ஃபாரட்டுக்கு மேல் உள்ள ஃபிலிம் கண்டென்சர் வையுங்கள். இதைச் செய்யாவிட்டால் சின்ன ஓம் அளவும் ஈஎஸ்ஆரும் (கண்டென்சரின் உள் ரெசிஸ்டன்ஸ்) கொஞ்சம் தள்ளித்தான் காட்டும். இந்த டெஸ்டரை முதலில் வடிவமைத்தவர் ஜெர்மனியின் மார்க்குஸ் ஃப்ரேயக், பிறகு கார்ல்-ஹைன்ஸ் க்யூப்லர் விரிவாக்கினார், இருவருமே எல்லாவற்றையும் வெளிப்படையாகக் கொடுத்துவிட்டார்கள். க்யூப்லர் எழுதிய பெரிய கையேடு ஆங்கிலத்திலும் கிடைக்கிறது, அந்தச் சீனத் தாளை மடித்து வைத்துவிட்டு அதைப் படியுங்கள்.

தோப்புக்காரன் எழுதியது:

டிஸ்சார்ஜ் செய்யவே இல்லை அண்ணா. ஃபேன் ரெண்டு நாளாகக் கழற்றிக் கிடந்தது, அதனால் தப்பித்தேன் போல. பரணில் குண்டு பல்பு ஒன்று இருக்கிறது, இறக்கப் போகிறேன்.