பி.எஸ்சி. நர்சிங்: ஸ்கில் லேபில் எங்கே தவறுகிறது? அனுபவப் பகிர்வு

ஸ்கில் லேப் ட்யூட்டர், சென்னை

அட்மிஷனுக்கு வரும் பெற்றோர் ஹாஸ்டலையும் மெஸ்ஸையும் சுற்றிப் பார்க்கிறார்கள். ஸ்கில் லேபுக்குள், அதாவது பொம்மைகளில் செய்முறை பழகும் அறைக்குள், எட்டிப் பார்ப்பவர் குறைவு. தயவுசெய்து பாருங்கள். 2021-22 முதல் நடைமுறைக்கு வந்த இந்திய நர்சிங் கவுன்சில் பாடத்திட்டத்தில் எட்டு செமஸ்டர். தியரி, கிளினிக்கல் (வார்டு பயிற்சி) போல லேபுக்கும் தனியாக மணிக்கணக்கு உண்டு.

முதலில் இன்ஜெக்‌ஷன் பேடை, அதாவது ஊசி போட்டுப் பழகும் செயற்கைத் தோல் திண்டை, கையால் தடவிப் பாருங்கள். ஊசி குத்திக் குத்திச் சல்லடையாகிப் போன பேடில், எங்கே குத்தினாலும் பழைய ஓட்டைக்குள் ஊசி வழுக்கிக்கொண்டு போய்விடும். தோல் கொடுக்கும் தடை கைக்குப் பழகாது. அந்தக் கை வார்டுக்குப் போனால் தயங்கித் தயங்கிக் குத்தும்; நோயாளிக்குத்தான் வலி. அடுத்து, கை கழுவும் தொட்டியில் தண்ணீர் வருகிறதா என்று குழாயைத் திறந்தே பாருங்கள்.

பொம்மையைப் பாதுகாப்பது மாணவிகள் கையில்தான் இருக்கிறது. பீட்டாடின் வேண்டாம், கறை போகாது. சுத்தம் செய்யும் முறையைப் பழகத் தண்ணீரில் நனைத்த பஞ்சு போதும். பொம்மையைச் செய்தித்தாளில் கிடத்தாதீர்கள், பால்பாயின்ட் பேனாவால் குறிக்காதீர்கள். மை உள்ளே இறங்கிவிடும். ஐ.வி. கையில் (நரம்பில் ஊசி ஏற்றப் பழகும் பொம்மைக் கை) பழகி முடித்ததும், ரத்தத்துக்குப் பதிலாக ஊற்றிய சிவப்புத் தண்ணீரை வடித்து, நல்ல தண்ணீர் ஏற்றி, கடைசியில் 20 மி.லி. சிரிஞ்சால் காற்றை அடித்து உலர்த்த வேண்டும். ஈரத்தோடு விட்டால் பூஞ்சை பிடித்து அடுத்த பேட்ச் வருவதற்குள் குழாய் அடைத்துக்கொள்ளும். கதீட்டர் (சிறுநீர் வெளியேற்றச் செருகும் குழாய்) மாடலில் ஜெல்லி தடவாமல் நுழைப்பதும், பலூன் தண்ணீரை முழுக்க எடுக்காமல் இழுப்பதும் உள்வால்வைக் கிழிக்கும். நோயாளியிடம் அதே தவறு மூத்திரக் குழாயைக் கிழிக்கும்.

மூன்றாம் வருட மாணவி, மதுரை

ஓஸ்கியில் (ஒவ்வொரு ஸ்டேஷனாகப் போய் ஒரு வேலையைச் செய்துகாட்டும் செய்முறைத் தேர்வு) நிறையப் பேர் மார்க் விடுவது பி.பி. ஸ்டேஷனில்தான். ஸ்டெத்தை வைத்ததும் நேராக 200 வரை அடிக்கிறார்கள். முதலில் நாடியில் விரல் வைத்துக் காற்றை ஏற்றணும். நாடி எந்த இடத்தில் மறைகிறதோ அதற்கு மேல் 30 மி.மீ., அவ்வளவு போதும். பிறகு விநாடிக்கு 2 மி.மீ. வீதம் இறக்கணும். வேகமாக இறக்கினால் சிஸ்டாலிக் (மேல் அளவு) குறைவாகவும் டயஸ்டாலிக் (கீழ் அளவு) அதிகமாகவும் வரும்.

கையில் சுற்றிக் கட்டும் பட்டையான கஃப்பின் அளவையும் பாருங்க. உள்ளே இருக்கும் ரப்பர் பை கையின் சுற்றளவில் 80 சதவீதமாவது சுற்றி வரணும். பருத்த கைக்குச் சின்ன கஃப் கட்டினால் இல்லாத பி.பி. இருப்பதாகக் காட்டும். கீழ் விளிம்பு முழங்கை மடிப்புக்கு 2 முதல் 3 செ.மீ. மேலே இருக்கட்டும். ரவிக்கையின் கை இறுக்கமாக இருந்தால் மேலே சுருட்டி விட்டு அளக்காதீங்க, அந்தப் பக்க ரவிக்கைக் கையை மட்டும் கழற்றச் சொல்லுங்க. சுருட்டிய துணியே கட்டுப் போட்ட மாதிரி இறுக்கும்.

வார்டு இன்சார்ஜ், கோவை

லேபில் கட்டாயம் கையில் எடுத்துப் பார்க்க வேண்டிய இரண்டு சிரிஞ்சுகள் உண்டு: சிவப்பு மூடி போட்ட 40 யூனிட் இன்சுலின் சிரிஞ்ச், ஆரஞ்சு மூடி போட்ட 100 யூனிட் சிரிஞ்ச். நம் நாட்டில் இரண்டு வலிமையிலும் இன்சுலின் வருகிறது. 100 யூனிட் குப்பியிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே இருப்பது அரை மி.லி., அதாவது 50 யூனிட். இரண்டரை மடங்கு! சர்க்கரை தாழ்ந்து நோயாளி மயங்கிவிடுவார். மாற்றி நடந்தால் 20க்குப் பதில் 8 யூனிட்தான் போகும். குப்பி லேபிளில் ஒரு மி.லி.க்கு எத்தனை யூனிட் என்று வாய்விட்டுப் படித்துவிட்டு சிரிஞ்சை எடுங்கள். அவசரத்தில் காப்பாற்றுவது இந்தப் பழக்கம்தான்.

இரண்டாவது, சொட்டுக் கணக்கு. 500 மி.லி. நான்கு மணி நேரத்தில் போகணும், செட் (சலைன் பாட்டிலில் மாட்டும் குழாய்) மி.லி.க்கு 20 சொட்டு என்றால் 500ஐ 20ஆல் பெருக்கி 240ஆல் வகுங்கள்: நிமிடத்துக்கு 42 சொட்டு. மைக்ரோ செட் மி.லி.க்கு 60 சொட்டு; அதை மறந்து 20ஐப் போட்டால் மூன்றில் ஒரு பங்குதான் ஏறும். செட் உறையில் எண் அச்சடித்திருக்கும், உறையைத் தூக்கிப் போடுவதற்கு முன் பாருங்கள்.

தொற்றுக் கட்டுப்பாட்டு நர்ஸ், திருச்சி

முதல் கிளினிக்கல் போஸ்டிங்குக்கு முன்பே ஹெபடைடிஸ் பி தடுப்பூசியைத் தொடங்குங்கள். 0, 1, 6 மாதம் என மூன்று டோஸ். கடைசி டோஸ் முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் டைட்டர் (ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி வந்திருக்கிறதா என்ற பரிசோதனை) பார்க்கணும், அளவு 10 mIU/mLக்குக் குறையக் கூடாது. இரண்டு டோஸோடு நிறுத்திக்கொள்பவர்கள் ஏராளம்.

நோயாளிக்குப் போட்ட ஊசி தவறி உங்கள் கையில் குத்திவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். விரலைப் பிதுக்காதீர்கள், வாயில் வைக்காதீர்கள், ஸ்பிரிட் ஊற்றாதீர்கள். உடனே வார்டு சிஸ்டரிடம் சொல்லுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் 2 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, 28 நாள் சாப்பிடணும். திட்டுவார்களோ என்று பயந்து இரவு முழுக்க ஹாஸ்டலில் மறைத்து வைப்பதால் நேரம் போய்விடுகிறது. இதற்காக எந்த மாணவியையும் யாரும் திட்டக் கூடாது, சக சிஸ்டர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

நூலகப் பொறுப்பு ஆசிரியை

தமிழ்வழியில் படித்து வந்தவர்களுக்கு முதல் செமஸ்டர் அனாட்டமி (உடற்கூறியல்) மலைப்பாக இருக்கும். சொற்களை முழுசாக உருப்போடாமல் உடைத்துப் படியுங்கள். ‘கார்டியோ’ இதயம், ‘ஹெப்பட்டோ’ கல்லீரல், ‘ஐட்டிஸ்’ அழற்சி. ஐம்பது வேர்ச்சொல் தெரிந்தால் பாதிப் புத்தகம் திறந்துகொள்ளும்.

தேர்வு எழுத 80 சதவீத வருகை வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். பட்டம் வாங்குவதற்குள் கிளினிக்கல் வருகை 100 சதவீதம் ஆக வேண்டும் என்பது கடைசி வருடத்தில்தான் பலருக்கு உறைக்கிறது. விட்ட நாளை அந்த செமஸ்டரிலேயே ஈடுகட்டுங்கள். மனசு தாங்காத நாட்களில் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416இல் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

முதல் வருட மாணவி

எங்கள் காலேஜில் மாலையில் லேபைப் பூட்டிவிடுகிறார்கள். ஹாஸ்டல் அறையில் பழக வழி இருக்கா?

வார்டு இன்சார்ஜ், கோவை

இருக்கும்மா. காலாவதியான சலைன் பாட்டிலும் புது செட்டும் ட்யூட்டரிடம் கேட்டு வாங்கிக்கோ, ஊசி வேண்டாம். ஜன்னல் கம்பியில் மாட்டி, முனையை வாளிக்குள் விடு. விநாடி முள் உள்ள வாட்ச்சை செட்டில் சொட்டு விழும் குமிழுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கு. 42க்கு வந்ததும் பத்து நிமிடம் கழித்துத் திரும்ப எண்ணிப் பார். ரோலர் கிளாம்ப் (வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் சக்கரம்) அழுத்திய இடத்தில் குழாய் உருமாறி வேகம் மாறியிருக்கும். வார்டில் அடிக்கடி போய்ப் பார்க்கச் சொல்வது அதனால்தான்.