நாவலில் சுட்டுக் கொல்கிறான், படத்தில் அவளே தடுமாறி விழுகிறாள். மாற்றச் சொன்னது யார்?

கேட்டவர்: வாசகசாலை அக்கா

வணக்கம். பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம், வேலந்தாவளம் செக்போஸ்டுக்குப் போகிற வழியில் எங்கள் ஊர். வீட்டில் தமிழ், பஞ்சாயத்து ஆபீசில் மலையாளம். ஊர் வாசகசாலையைப் பதினோரு வருடமாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். மாதத்தில் இரண்டாவது ஞாயிறு சாயங்காலம் அங்கே ஒரு பழைய படம் போடுவோம். முப்பது நாற்பது பேர் வருவார்கள். வசனம் புரியாதவர்களுக்காக நடுநடுவே படத்தை நிறுத்தி நான் தமிழில் கதை சொல்வேன்.

போன ஞாயிறு போட்டது 1940-இல் வந்த 'ரெபெக்கா'. ஹிட்ச்காக் அமெரிக்கா போய் எடுத்த முதல் படம். டாஃப்னே டு மாரியே 1938-இல் எழுதிய நாவல்தான் கதை. அன்றைக்குக் கணவாய்க் காற்று வேறு. திரைக்குக் கட்டிய வேட்டி படபடவென்று அடித்துக்கொண்டே இருந்தது, கீழ் ஓரத்தில் இரண்டு செங்கல்லைக் கட்டித் தொங்கவிட்ட பிறகுதான் அடங்கியது.

படம் பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். மேக்சிம் பெரிய பணக்காரன். முதல் மனைவி ரெபெக்கா படகு கவிழ்ந்து செத்துப்போனதாக ஊரே நம்புகிறது. இரண்டாவதாக ஒரு ஏழைப் பெண்ணைக் கட்டிக்கொண்டு வருகிறான். கடைசியில் அவளிடம், கடற்கரையில் படகுச் சாமான் வைக்கிற படகு வீட்டில் அன்று ராத்திரி என்ன நடந்தது என்று சொல்கிறான்.

அந்தக் காட்சியைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் எனக்குத் தீராது. ரெபெக்கா படத்தில் ஒரு நிழலாகக்கூட வருவதில்லை. அவள் எழுந்தாள் என்று அவன் சொல்லும்போது கேமரா வெறும் சோபாவிலிருந்து எழுந்திருக்கிறது. அவள் நடந்தாள் என்கிறான், ஆளில்லாத அறையில் கேமரா மெதுவாக நகர்கிறது. எங்கள் வாசகசாலையில் ஒரு இருமல் சத்தம் இல்லை. செத்தவள் அங்கேயே நடமாடுகிற மாதிரி இருந்தது.

ஆனால் அவன் சொல்கிற சங்கதிதான் உதைக்கிறது. தான் அவளை அடித்திருக்கக் கூடும் என்கிறான். அப்புறம் அவள் இவனை நோக்கி வந்தாளாம், தடுமாறி விழுந்தாளாம், கப்பல் சாமான் ஒன்றில் தலை மோதிச் செத்தாளாம். நாவலில் அப்படி இல்லை. துப்பாக்கியால் சுடுகிறான். சுட்டுக் கொன்று, உடலைப் படகில் வைத்து, படகைக் கடலில் மூழ்கடிக்கிறான்.

படம் முடிந்ததும் நிலக்கடலைக் காட்டுக்காரப் பெரியப்பா ஒருவர் எழுந்து கேட்டார். எழுபது தாண்டியவர். நாவலைப் படித்தவரும் இல்லை, அதைப் பற்றிக் கேள்விப்பட்டவரும் இல்லை. "அவன் கொல்லவே இல்லையே அம்மிணி. பின்னே எதுக்குப் பொணத்தக் கொண்டுபோய்க் கடல்ல முக்குனான்? நாலு பேரக் கூப்பிட்டிருக்கலாமே." என்னிடம் பதில் இல்லை. நாவலில் கொலைதான் என்று மட்டும் சொன்னேன். "அப்ப சினிமாக்காரன் ஏன் மாத்துனான்?" என்றார்.

அந்தக் காலத்து ஹாலிவுட்டில் ஒழுக்க விதி இருந்தது என்று அரைகுறையாகத் தெரியும். அதுதான் காரணமா? அரசாங்கமா வெட்டியது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பெரியப்பா இதற்குள் இரண்டு தடவை வந்து கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

பதில்: பொள்ளாச்சி ஆபரேட்டர்

தங்கச்சி, நான் முப்பத்திரண்டு வருஷம் புரொஜெக்டர் ஓட்டியவன். அமெரிக்கக் கதை எனக்கு அவ்வளவாகத் தெரியாது, நம் ஊர்க் கத்திரி தெரியும்.

படம் ஆரம்பிக்கும் முன் சென்சார் சர்டிபிகேட் காட்டுவார்கள் இல்லையா, அதில் ஒரு முக்கோணம் போட்டிருந்தால் வெட்டு வாங்கிய படம் என்று அர்த்தம். எங்களுக்கு அதைப் பார்க்காமலேயே தெரியும். வெட்டின இடத்தில் பிலிம் தாவும். நாயகி வாயைத் திறந்திருப்பாள், அடுத்த நொடி கதவு சாத்தியிருக்கும். பாட்டில் தாளம் ஒரு அடி எகிறும். ஒட்டுப் போட்ட இடம், புரொஜெக்டரில் லென்ஸுக்குப் பின்னால் பிலிம் ஓடுகிற 'கேட்'டில் ஏறும்போது 'டக்' என்று ஒரு சத்தம் வரும். ஜனங்களும் சும்மா இருக்க மாட்டார்கள், விசில்தான்.

இதற்கு மேல் தியேட்டர் முதலாளிகளின் சென்சார் வேறு. நான் வேலை பார்த்த ஒரு தியேட்டரில், ஞாயிற்றுக்கிழமை இங்கிலீஷ் படத்துக்கு முதலாளி குடும்பம் வந்தால் முத்தக் காட்சியில் லென்ஸுக்கு முன்னால் கையை வைத்து மறைக்கச் சொல்வார். வெளிச்சம் பட்டு உள்ளங்கை சுடும். இத்தனைக்கும் அது சென்சார் போர்டு பாஸ் செய்த காட்சி. நாம் ஏன் மறைக்கிறோம் என்று எனக்கு ஒவ்வொரு தடவையும் மனசு வலிக்கும். டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருப்பவன் என்ன பாவம் செய்தான்?

நீங்கள் சொல்கிற படத்தைக் காலைக் காட்சியில் நானும் ஓட்டியிருக்கிறேன். படகு வீட்டு ரீலில் ஒரு தாவல் கிடையாது. அதனால் கத்திரி வைத்த படம் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவே இல்லை. உங்கள் பெரியப்பா கேட்டபிறகுதான் யோசிக்கிறேன்.

பதில்: சித்தூர் ஆசிரியர், ஓய்வு

அம்மா, பெரியப்பா சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார். ஆபரேட்டர் ஐயா சொன்ன தாவல் அந்தப் படத்தில் ஏன் இல்லை என்பதுதான் முழு விஷயமும். அமெரிக்காவில் வெட்டு பிலிமில் விழவில்லை, காகிதத்தில் விழுந்தது. படப்பிடிப்புக்கு முன்பே கதை வசனத்தை ஒரு அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கிருந்து 'இதை எடு, அதை மாற்று' என்று கடிதம் வரும். மாற்றி எழுதி மறுபடி அனுப்ப வேண்டும். முடிந்த படத்தையும் பார்த்து, பிறகுதான் நம்பரோடு முத்திரை.

அது அரசாங்க அலுவலகம் அல்ல. ஸ்டூடியோக்கள் தாங்களே வைத்துக்கொண்டது. 1915-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், சினிமா வெறும் வியாபாரம், பேச்சுரிமை அதற்குக் கிடையாது என்று தீர்ப்பு சொல்லிவிட்டது. ஒஹையோ, பென்சில்வேனியா, நியூயார்க் என்று மாநிலத்துக்கொரு தணிக்கை வாரியம் வைத்துக்கொண்டு இஷ்டத்துக்கு வெட்டினார்கள். மத்திய அரசின் சட்டமும் வந்துவிடுமோ என்ற பயத்தில் ஸ்டூடியோக்காரர்கள் 1922-இல் வில் ஹேஸ் என்பவரைத் தங்கள் சங்கத்துக்குத் தலைவராகக் கொண்டுவந்தார்கள். அமெரிக்க மந்திரிசபையில் தபால்துறையைப் பார்த்தவர். விதித் தொகுப்பு 1930-இல் வந்தது. எழுதியவர்கள் டேனியல் லார்டு என்ற இயேசு சபைப் பாதிரியாரும், மார்ட்டின் குவிக்லி என்ற சினிமாப் பத்திரிகை அதிபரும்.

நாலு வருடம் அதை யாரும் பெரிதாக மதிக்கவில்லை. பொருளாதாரம் படுத்திருந்த காலம், கூட்டம் வந்தால் போதும் என்று துணிச்சலாகவே எடுத்தார்கள். 1934-இல் கத்தோலிக்கத் திருச்சபை களத்தில் இறங்கியது. மோசமான படங்களுக்குப் போக மாட்டோம் என்று கோயில்களில் சத்தியம் வாங்கினார்கள். பிலடெல்பியா கர்தினால் எந்தப் படத்துக்கும் போகாதீர்கள் என்றே சொல்லிவிட்டார். வசூலில் அடி விழவும் ஸ்டூடியோக்கள் பணிந்தன. ஜோசப் பிரீன் என்பவர் நான் சொன்ன அந்த அலுவலகத்தின் பொறுப்புக்கு வந்தார். முத்திரை இல்லாமல் படத்தை வெளியிட்டால் 25,000 டாலர் அபராதம். பெரிய தியேட்டர்களெல்லாம் அந்த ஸ்டூடியோக்களின் கையில்தான். முத்திரை இல்லாத படத்துக்கு அங்கே இடமே இல்லை.

இப்போது உங்கள் படம். குற்றம் செய்தவன் பக்கம் பார்ப்பவரின் அனுதாபம் போகக் கூடாது என்பது விதியின் அடிப்படை. மேக்சிம் சுட்டால் அவன் தூக்கில் தொங்க வேண்டும், அல்லது வேறு விதமாகச் சாக வேண்டும். நாவலில் அவன் தப்பித்து இரண்டாவது மனைவியோடு வாழ்கிறான். இரண்டையும் வைத்துக்கொள்ள முடியாது என்பதால் கொலை விபத்தானது. தயாரிப்பாளர் செல்ஸ்னிக் கொதித்துப் போனார். மனைவியைக் கொன்றவனின் கதை, விபத்தில் செத்தவளைப் புதைத்தவனின் கதையாகிவிட்டது என்று எழுதினார். பெரியப்பா கேட்டதும் அதேதான்.

இன்னொன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. புத்தகத்தில் இருக்கலாம், படத்தில் ஏன் கூடாது? அதற்கும் அந்த விதித் தொகுப்பு காரணம் சொல்கிறது. புத்தகம் படிப்பவர்களை மட்டும் சேரும், சினிமா எல்லோரையும் சேரும். அதிலும் பெருநகரத்துப் பழக்கவழக்கம் படாத சின்ன ஊர்களை எந்தப் படமும் சுலபமாகப் போய்ச் சேர்ந்துவிடும், ஆகவே கவனம் தேவை. எழுதியவர்கள் நினைத்தது அமெரிக்கச் சிற்றூர்களை. நான் அதைப் படித்தபோது என் கண்ணில் வந்தவை நம் பக்கத்து எருத்தேம்பதியும் வடகரப்பதியும்.

பதில்: வாளையார் ரயில்

சார், அருமையான பதில். ஆனாலும் ஒரு பக்கமாகச் சொல்கிறீர்களோ என்று தோன்றுகிறது. அந்த விதிதானே இயக்குநர்களை யோசிக்க வைத்தது? 1946-இல் வந்த 'நொட்டோரியஸ்' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முத்தம் மூன்று நொடியைத் தாண்டக் கூடாதாம். கேரி கிராண்டும் இங்க்ரிட் பெர்க்மனும் சின்னச் சின்ன முத்தமாகக் கொடுத்துக்கொண்டு, ராத்திரிக்குக் கோழிக் கறி சமைப்பதைப் பேசிக்கொண்டு, போன் பேசிக்கொண்டு இரண்டரை நிமிடம் ஒட்டியபடியே நகர்வார்கள். சினிமாவில் அதைவிட நெருக்கமான காட்சியை நான் பார்த்ததில்லை. தடை இல்லையென்றால் ஒரே முத்தத்தோடு முடிந்திருக்கும். வாசகசாலை அக்கா மெய்மறந்து எழுதிய அந்தக் காலி அறை காட்சிகூட அப்படி வந்ததுதானோ என்னவோ.

பதில்: சித்தூர் ஆசிரியர், ஓய்வு

தம்பி, நொட்டோரியஸ் காட்சி எனக்கும் பிடிக்கும். ஒரு திருத்தம். விதியில் நொடிக்கணக்கு கிடையாது. அளவு மீறிய, காமம் ததும்பும் முத்தம் கூடாது என்றுதான் எழுதியிருந்தது. அளவு எது என்று அந்த அலுவலகம் பார்த்துச் சொல்லும்.

காலி அறையைப் பற்றிச் சொன்னீர்கள். அங்கே நம்மைக் கட்டிப்போட்டது கேமரா, அதைக் கெடுத்தது வசனம். கேமராவை ஹிட்ச்காக் நகர்த்தினார், வசனத்தை விதி நகர்த்தியது. துப்பாக்கியைப் பற்றிச் சொல்லியிருந்தாலும் அந்தக் கேமரா அப்படித்தான் நகர்ந்திருக்கும்.

கெட்டிக்கார இயக்குநர் வேலி தாண்டினார், சரி. தாண்ட முடியாதவர்களை யார் கணக்கெடுப்பது? வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் காதல் உறவு காட்டக் கூடாது என்று அதே தொகுப்பில் ஒரு விதி. எழுத்தில் இருந்தது அவ்வளவுதான், ஸ்டூடியோக்கள் அந்தத் தயக்கத்தை ஆசியர் வரைக்கும் நீட்டின. 1937-இல் சீன விவசாயிகளின் கதையான 'தி குட் எர்த்' வந்தது. அமெரிக்காவில் பிறந்து வளர்ந்த சீன நடிகை அன்னா மே வோங், புகழின் உச்சியில் இருந்தவர், அந்த மனைவி வேடத்துக்கு ஆசைப்பட்டார். கணவனாக நடிக்க பால் மூனி என்ற வெள்ளைக்காரரைப் போட்டுவிட்டார்கள். மனைவி வேடமும் லூயிஸ் ரெய்னர் என்ற வெள்ளைக்காரிக்கே போனது, அதற்கு ஆஸ்கரும் கிடைத்தது. வோங்குக்கு நீட்டியது வைப்பாட்டி வேடம். அவர் மறுத்துவிட்டார். இதில் எந்தக் காட்சியையும் யாரும் வெட்டவில்லை, தம்பி. எடுக்கவே எடுக்காத காட்சியில் எப்படி அழகைத் தேடுவது?

அதே 1937-இல், ஒஹையோவிலிருந்து வந்த எல்லிஸ் டங்கன் தமிழில் 'அம்பிகாபதி' எடுத்தார். அந்தக் காலத் தமிழ்ப் படத்துக்கு அதிலிருந்த காதல் காட்சிகள் ரொம்ப நெருக்கமானவை. நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆச்சரியம்தான்.

1952-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சினிமாவுக்கும் பேச்சுரிமை உண்டு என்று சொன்னது. அதற்கு முன்பே 1948-இல் ஸ்டூடியோக்கள் தியேட்டர்களைக் கைவிட வேண்டும் என்று ஒரு தீர்ப்பு வந்திருந்ததால் முத்திரையின் பலம் குறைந்துகொண்டே வந்தது. 1953-இல் ஆட்டோ பிரமிஞ்சர் முத்திரை இல்லாமலே ஒரு படத்தை வெளியிட்டு ஓட்டிக் காட்டினார். 1956-இல் அந்த இன விதியை எடுத்தார்கள். 1968-இல் தொகுப்பையே கைவிட்டு, வயதுக்கேற்ற சான்றிதழ் முறைக்கு மாறினார்கள். வோங் 1961-லேயே இறந்துவிட்டார்.

பதில்: வாசகசாலை அக்கா

எல்லோருக்கும் நன்றி. ஆசிரியர் ஐயா எழுதியதை அச்சடித்து எடுத்துக்கொண்டு போனேன். பெரியப்பா களத்தில் கடலை காயப்போட்டுக்கொண்டிருந்தார். சின்ன ஊர்க்காரர்களைப் பற்றி விதியில் இருப்பதை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "நமக்காகத்தான் மாத்துனாங்களா?" என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. கதையில் எது பொருந்தவில்லை என்று அன்று முதலில் கண்டுபிடித்தது அவர்.

அடுத்த மாதமும் அதே படத்தையே போடப் போகிறோம். படகு வீட்டுக் காட்சிக்கு முன்னால் படத்தை நிறுத்தி, நாவலில் அந்த இடம் வருகிற பக்கங்களை நான் தமிழில் வாசிக்கப் போகிறேன். மூன்று பக்கம் பெயர்த்துவிட்டேன், இன்னும் ஒன்றரைப் பக்கம் இருக்கிறது. பெரியப்பா முன்வரிசையில் நாற்காலி கேட்டிருக்கிறார், ஒரு காது மந்தம். ஆபரேட்டர் அண்ணா, பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் வந்தால் போதும், அங்கிருந்து எங்கள் ஊர்ப் பையன் வண்டியில் அழைத்து வந்துவிடுவான். நீங்கள் அவசியம் வர வேண்டும்.