ரேஷன் அரிசிக்கு வராத வெட்கம் முதியோர் உதவித்தொகைக்கு மட்டும் ஏன்?

கேள்வி: திருப்பூர்வாசி

என் சித்தப்பாவுக்கு வயது 68. சித்தி இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. கோவில்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்தில் பெட்டிக்கடை வைத்திருந்தார். கண்ணில் புரை விழுந்ததும் மூடிவிட்டார். உதவித்தொகைக்கு மனுப் போடுங்கள் என்றால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விடுகிறார். ரேஷன் அரிசி மாதம் தவறாமல் வாங்குகிறார். பொங்கல் தொகுப்புக்கு முதல் ஆளாக நிற்கிறார். அதுவும் அரசாங்கம் கொடுப்பதுதானே? மாதம் 1,200 ரூபாய் கசக்கிறதா?

பதில்: ஓய்வுபெற்ற வி.ஏ.ஓ.

இரண்டையும் ஒன்றாகப் போடாதீர்கள். ரேஷன் அட்டை மாடி வீட்டுக்காரரிடமும் இருக்கிறது. உதவித்தொகை மனு அப்படியல்ல. இ-சேவை மையத்தில் பதிந்ததும் விசாரணைக்கு எங்களிடம் வரும். நிலம் உண்டா, மகன் உண்டா, யார் சோறு போடுகிறார்கள்? திண்ணையில் உட்கார்ந்து இதைக் கேட்டால் தெருவே காதைத் தீட்டிக்கொண்டு நிற்கும். தாங்க ஆளில்லை என்று தன் வாயாலேயே சொல்ல வேண்டும். ஒரு அம்மாள் எனக்கு மோர் கொடுத்து உபசரித்துவிட்டு, “மகன் நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறான்” என்றார். அடுப்பில் பூனை படுத்திருந்தது. 1962-இல் மாதம் 20 ரூபாயில் தொடங்கிய திட்டம் இது. தொகைதான் ஏறியது, கேள்விகள் அப்படியே இருக்கின்றன.

பதில்: மதுரைக்காரி

தள்ளுபடியாகிவிடுமோ என்ற பயமும் உண்டு. கேட்காமல் இருந்தால் வீறாப்பு மிஞ்சும். கேட்டும் கிடைக்கவில்லை என்றால் அதுவும் போய்விடும். என் மாமனார் கடைசிவரை மனுவே போடவில்லை. “அண்ணன் பிள்ளைகள் இருந்தும் பிச்சைக் காசா” என்று ஊர் உங்களையும் சேர்த்துப் பேசும் என்று அவர் நினைக்கலாம்.

கேள்வி கேட்டவர்

இருக்கலாம். ஊரில் பாதிப் பேர் அவர் கடையில் கடன் சொல்லிச் சரக்கு வாங்கியவர்கள். அந்த நோட்டு இன்னும் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. வி.ஏ.ஓ.வுக்கு உதவியாக இருக்கும் இப்போதைய தலையாரி பெயரும் அதில் உண்டு, தீராத பாக்கியோடு!

பதில்: ஓய்வுபெற்ற வி.ஏ.ஓ.

அட, இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! தன்னிடம் கடன் வைத்தவன் வந்து விசாரிக்க எந்தக் கடைக்காரர் சம்மதிப்பார்? வருஷா வருஷம் தாலுகாவில் கிராமக் கணக்குகளைத் தணிக்கை செய்து மனு வாங்கும் ஜமாபந்தியில் கொடுக்கச் சொல்லுங்கள். பட்டாவுக்கும் பாதைக்கும் ஊரே மனுவோடு நிற்கும். யார் கையில் என்ன மனு என்று யாரும் பார்ப்பதில்லை. விசாரணையைத் தலையாரியிடம் விடாமல் நேரில், தனியாக முடித்துத் தரும்படி வி.ஏ.ஓ.விடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். அதற்குள் கண்புரையைக் கவனியுங்கள். அரசு மருத்துவமனையில் லென்ஸ் இலவசமாக வைக்கிறார்கள். யார் சோறு போடுகிறார்கள் என்று அங்கே யாரும் கேட்கமாட்டார்கள்.