ஹாப்பர் 79 வயதுவரை பணியில் இருந்தாரே, பிறகென்ன குறை?

தரவுக்காரி: "திறமையுள்ள பெண்கள் கணினித் துறையில் எந்த வயதிலும் நிலைத்திருப்பார்கள். கணினி முன்னோடி கிரேஸ் ஹாப்பர் 79 வயதுவரை அமெரிக்கக் கடற்படைப் பணியில் இருந்தார். இளம்பெண்களுக்கு மூத்த பெண் முன்மாதிரி இல்லை என்பது வீண் புலம்பல்" என்று பைட்வேந்தன் நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு எரிச்சல் அடங்கவில்லை. 1986இல் 79 வயதில் ஓய்வு பெற்றார், சரி. 1966இல், 60 வயதில், அவரை வீட்டுக்கு அனுப்பியதை ஏன் விழுங்கிவிட்டீர்கள்? நிரல்மொழிகளை ஒழுங்குபடுத்த ஆள் வேண்டும் என்றதும் 1967இல் திரும்ப அழைத்தார்கள். எனக்கு வயது 52. என்னைவிட மூத்த பெண் ஒருவரின்கீழ் நான் ஒரு நாளும் வேலை பார்த்ததில்லை.

பைட்வேந்தன்: 60இல் ஓய்வு என்பது கடற்படை விதி. ஆண்களுக்கும் விதி உண்டு. 79 வயதுவரை இருந்தாரா, இல்லையா?

தரவுக்காரி: 60இல் அனுப்பினார்களா, இல்லையா? அதற்குப் பதில் சொல்லுங்கள்.

பழைய கம்பைலர்: முதலில் அடிப்படையைச் சரிசெய்யுங்கள். 1952இல் ஹாப்பர் உருவாக்கிய ஏ-0 என்ற மென்பொருளை, நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் என்று எல்லோரும் கொண்டாடுகிறார்கள். இன்றைய கணக்கில் அது நிரல் துண்டுகளை இணைக்கும் லிங்கரும் அவற்றை நினைவகத்தில் ஏற்றும் லோடரும் செய்யும் வேலை.

தரவுக்காரி: இங்கே யார் ஏ-0வைப் பற்றிக் கேட்டார்கள்? முன்பு நடந்த தரவுத்தள இண்டெக்ஸ் விவாதத்தில் என்னிடம் வாயடைத்துப்போன கோபம் உங்களுக்கு இன்னும் தீரவில்லை.

பழைய கம்பைலர்: வாயடைத்துப்போகவில்லை. தூங்கப் போனேன்.

புதுநிரலி: நான் பணியில் சேர்ந்து சில ஆண்டுகள்தான் ஆகின்றன. கணினி அறிஞர்களான பார்பரா லிஸ்கோவ், ரேடியா பெர்ல்மன் பெயர்களைப் பாடத்தில் படித்தேன். ஆனால் நிர்வாகப் பக்கம் போகாமல் நிரலாளராகவே 50 வயதைத் தாண்டுவது எப்படி என்று யாரிடம் கேட்பது?

பைட்வேந்தன்: லிஸ்கோவ் போதாதா? கணினித் துறையின் மிக உயர்ந்த விருதான டூரிங் விருதை 2008ஆம் ஆண்டுக்குப் பெற்றவர். ஹாப்பர் 79 வயதுவரை உழைத்தார். இன்னும் எத்தனை பேர் வேண்டும்?

தரவுக்காரி: விருதுக் கணக்கா? பார்ப்போம். டூரிங் விருது 1966இல் தொடங்கியது. ஒரு பெண்ணுக்குக் கொடுக்க 2006வரை ஆனது. அந்த ஃபிரான்சஸ் ஆலன் அதற்கு முன்பே, 2002இல், பணி ஓய்வு பெற்றுவிட்டார். 1940களில் எனியாக் என்ற ஆரம்பகால மின்னணுக் கணினிக்கு நிரல் அமைத்த ஆறு பெண்களும் புகைப்படங்களில் இருக்கிறார்கள். பிற்காலத்தில் அவர்களை இயந்திரத்தின் பக்கத்தில் அழகுக்கு நிறுத்திய மாடல்கள் என்றல்லவா நினைத்தார்கள்! ஆள் இல்லாமல் இல்லை, கண்ணில் படாமல் செய்துவிட்டீர்கள். ஒரு நள்ளிரவில் எங்கள் சர்வர் விழுந்தது. எந்தக் குவெரி, அதாவது தரவு கேட்கும் கட்டளை, தரவுத்தளத்தின் டேபிளைப் பூட்டி வைத்திருக்கிறது என்று சர்வரின் பதிவான லாக்கைப் பார்த்து நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, "நீங்கள் கூட்டக் குறிப்பை எழுதிவிடுங்கள்" என்றார் மேலாளர். அறையில் மூத்தவள் நான். அந்த டேபிளை வடிவமைத்தவளும் நான். அதைப் பார்த்துக்கொண்டிருந்த இளம்பெண்கள் என்னிடம் எதைக் கற்றிருப்பார்கள்?

பைட்வேந்தன்: உங்கள் மேலாளருக்கு நான் பொறுப்பல்ல. ஹாப்பரின் வயதைக் கேட்டேன், சொந்தக் கதை வருகிறது.

பழைய கம்பைலர்: லோடரா, கம்பைலரா? இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

புதுநிரலி: நான் கேட்டதற்கும்தான்.

தரவுக்காரி: உங்களுக்குத் தனியாக எழுதுகிறேன் தங்கையே. பைட்வேந்தன், 60. நீங்கள் அந்த எண்ணை எழுதும்வரை நான் இங்கிருந்து நகரப்போவதில்லை.

பைட்வேந்தன்: 79.