வயிற்று ஆபரேஷனுக்குப் பிறகு: தேறியவர்களும் கூட இருந்தவர்களும்

மகன், திருச்சி:
அம்மாவுக்கு மேல்வயிற்றில் ஆபரேஷன். முந்தின நாள் சாயங்காலமே பிசியோதெரபிஸ்ட் வந்து, மூச்சை ஆழமாக இழுத்து, கொஞ்சம் நிறுத்தி விடவும், தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு இருமவும் சொல்லிக்கொடுத்தார். "வலிக்குதேன்னு மேலோட்டமா மூச்சு விட்டா நுரையீரலோட அடிப்பக்கம் சுருங்கிடும்மா, சளி கட்டிக்கும். மயக்கம் தெளிஞ்சதும் நீங்களே ஆரம்பிச்சிடணும்" என்றார். மறுநாள் ஐசியூவில் அம்மா அரைத்தூக்கத்திலேயே தலையணையைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

இதை ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 2018இல் பிஎம்ஜே என்ற மருத்துவ இதழில் வந்த ஆய்வு அது. மேல்வயிற்று ஆபரேஷனுக்குக் காத்திருந்த 441 பேரில் ஒரு சாராருக்குக் கையேடு மட்டும். மற்றவர்களுக்குக் கையேட்டோடு பிசியோதெரபிஸ்டிடம் அரை மணி நேரப் பயிற்சி. நுரையீரல் சிக்கல் முதல் சாராரில் 27 சதவீதம் பேருக்கு வந்தது, பயிற்சி பெற்றவர்களில் 12 சதவீதம் பேருக்குத்தான். வெறும் அரை மணி நேரம்! மருந்தும் இல்லை, மாத்திரையும் இல்லை. தேதி குறித்தவர்கள் தயவுசெய்து முன்கூட்டியே கேளுங்கள். வயிற்றில் தையலோடு வலியில் கிடக்கும்போது புதிதாகக் கற்றுக்கொள்வது ரொம்பக் கஷ்டம்.

செவிலியர், மதுரை:
காலை ரவுண்ட்ஸில் டாக்டர் "காத்து பிரிஞ்சுதா?" என்று கேட்டால் பலர் மருமகள் முன்னால் வாயே திறப்பதில்லை. கூச்சப்படாமல் சொல்லுங்கள், குடல் மறுபடி வேலை செய்கிறதா என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறார். ஆபரேஷனுக்குப் பிறகு குடல் கொஞ்ச காலம் அசையாமல் இருக்கும். சிறுகுடல் ஒரு நாளுக்குள் சரியாகிவிடும், பெருங்குடலுக்கு இரண்டு மூன்று நாள் ஆகும். மார்ஃபின் வகை வலிமருந்து அதை இன்னும் தாமதப்படுத்தும். டென்மார்க் சர்ஜன் ஹென்ரிக் கெலெட் 1990களில் அந்த மருந்தைக் குறைத்து, சீக்கிரம் சாப்பிட வைத்து, சீக்கிரம் நடக்க வைத்து, பெருங்குடல் ஆபரேஷன் ஆனவர்களை இரண்டு மூன்று நாளில் வீட்டுக்கு அனுப்பிக் காட்டினார். அதற்கு முன் ஒரு வாரத்துக்கு மேல் படுத்திருப்பார்கள். ஆனால் வயிறு உப்பி வாந்தி வந்தால் அடுத்த ரவுண்ட்ஸ் வரை காத்திருக்காதீர்கள், உடனே எங்களைக் கூப்பிடுங்கள்.

தங்கை, சென்னை:
அண்ணனுக்குக் குடலில் ஓட்டை விழுந்து அவசர ஆபரேஷன். வார்டில் காயம் நன்றாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்த பிறகுதான் தையலோரம் சிவந்து சீழ் வைத்தது. தினமும் போனில் படம் எடுத்து வைத்திருந்ததால் டாக்டருக்கு மாற்றம் உடனே புரிந்தது. இப்படி வீட்டில் தலைகாட்டும் தொற்றும் கணக்கில் வரத்தான் ஆய்வுகளில் 30 நாள் வரை காயத்தைக் கவனிக்கிறார்களாம். இந்தியா உட்பட 7 நாடுகளில் 13,301 பேரை வைத்து நடந்த ஆய்வு 2022இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. வயிற்றை மூடித் தைப்பதற்கு முன் கையுறையையும் கருவிகளையும் மாற்றியதில் காயத் தொற்று 18.9 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைந்திருக்கிறது. இவ்வளவு எளிய காரியம் எல்லா ஊர் ஆபரேஷன் தியேட்டரிலும் நடக்க வேண்டும்.

அண்ணனுக்கு மூட்டை தூக்கும் வேலை. இதே ஆபரேஷன் ஆனவர்கள் எப்போது பாரம் தூக்க ஆரம்பித்தீர்கள்? தையல் போட்ட இடத்தில் குடலிறக்கம் யாருக்காவது வந்ததா?