அவசரம்: கிராமத்தில் ரிட்டயர்மெண்ட் வீடு. ஈசி கிளீன், பட்டா இல்லை. அட்வான்ஸ் கொடுக்கலாமா?

அம்பத்தூர் வித்யா
வணக்கம். அவசரமாகக் கேட்கிறேன். அவர் வருகிற மே மாதம் ரிட்டயர் ஆகிறார். சென்னையை விட்டு வந்துவிடலாம் என்று ரொம்ப நாளாக வீடு தேடுகிறோம். இப்போது பாகூர் தாண்டி ஒரு பழைய ஓட்டு வீடு அமைந்திருக்கிறது. 14 சென்ட். முன்னால் திண்ணை, பின்னால் கிணறு, வரிசையாகத் தென்னை. இரண்டு பேருக்கும் பார்த்ததுமே பிடித்துவிட்டது. ஈசி (வில்லங்கச் சான்று) போட்டுப் பார்த்தாயிற்று, கிளீன். பட்டா கேட்டால் மட்டும் "இது நத்தம், ஊர்க் குடியிருப்பு மனை, நத்தத்துக்குப் பட்டா எல்லாம் கிடையாது, வீட்டு வரி ரசீதும் கரண்ட் பில்லும் போதும்" என்கிறார் புரோக்கர். வெள்ளிக்கிழமைக்குள் மூன்று லட்சம் அட்வான்ஸ் கொடுக்காவிட்டால் வேறு பார்ட்டிக்குப் போய்விடுமாம். கொடுக்கலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மஞ்சக்குப்பம் ரவி
பாகூர் தாண்டி என்றால் எந்தப் பக்கம் மேடம்? அந்த வட்டாரத்தில் ஒரே ரோட்டில் போனாலே தமிழ்நாடும் புதுச்சேரியும் மாறி மாறி வரும். பாகூர் புதுச்சேரி, தூக்கணாம்பாக்கம் கடலூர் மாவட்டம், இன்னும் மேற்கே போனால் மடுகரை திரும்பப் புதுச்சேரி. எந்த மாநிலம் என்று தெரியாமல் பட்டா விஷயத்தில் ஒரு வார்த்தை சொல்ல முடியாது. ஊர் பெயரைப் போடுங்கள்.

புதுவை அன்பன்
பாகூர் கொம்யூன் பஞ்சாயத்தில் வாங்குகிறீர்கள் என்றால் தமிழ்நாட்டு இணையதளத்தில் போட்ட ஈசி எதற்கும் உதவாது. புதுச்சேரியில் பத்திரப் பதிவு தனி, நில ஆவணம் தனி. நிலமகள் தளத்தில் பார்க்க வேண்டும். பழைய குடும்பச் சொத்தாக இருந்தால் பிரெஞ்சுக் காலத்து நொத்தேர் (நோட்டரி) பத்திரம் வரைக்கும் போகும். விற்பவர் குடும்பம் ரெனோன்சான் (சொந்த வழக்கச் சட்டத்தை விட்டுப் பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றவர்கள்) வழியில் வந்தது என்றால் வாரிசுரிமைக்கே பிரெஞ்சுச் சட்டம் பேசும். எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்கு அண்ணன் தம்பிகள் எல்லாரும் கையெழுத்துப் போட்ட பிறகும் இன்னொரு வாரிசு வந்து நின்றார். பாண்டிச்சேரி வக்கீல் ஒருவரிடம் காட்டாமல் ஒரு ரூபாய் கூடக் கொடுக்காதீர்கள்.

உப்பனாறு
பத்திரம் எல்லாம் அப்புறம். கிணற்றுத் தண்ணீரை வாயில் வைத்துப் பார்த்தீர்களா? எப்போது பார்த்தீர்கள்? மழை முடிந்த தை மாதத்தில் எல்லாக் கிணறும் இனிக்கும். சித்திரை, வைகாசியில் பார்க்க வேண்டும். கடலுக்குப் பக்கத்து ஊர்களில் கோடை வந்தால் உப்பு ஏறிவிடும். ஒரு பாட்டில் எடுத்துப் பரிசோதனைக்குக் கொடுங்கள். சோறு வடித்துப் பாருங்கள், பருப்பு வேக வைத்துப் பாருங்கள். பருப்பு வேகாத ஊரில் வயதான காலத்தில் குடியிருக்க முடியாது. கடலூருக்குத் தெற்கே என்றால் இன்னும் கவனம், சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய குடிகாடு, ஈச்சங்காடு பக்கம் நிலத்தடி நீரைப் பற்றி எத்தனை வருடமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

நில அளவை (ஓய்வு)
இதே கேள்வி மாதம் ஒன்று வருகிறது. பழைய இழைகளைத் தேடிப் படிக்க ஒருவருக்கும் பொறுமை இல்லை, மூன்று லட்சத்தைத் தூக்கிக் கொடுக்க மட்டும் அவசரம். ஈசி கிளீன் என்கிறீர்கள். எந்த எண்ணுக்குப் போட்டீர்கள்? எந்த வருடத்திலிருந்து? வந்தது பதிவுகளைக் காட்டும் படிவம் 15ஆ, பதிவே இல்லை என்கிற 16ஆ? விற்பவர் பெயரில் கிரயப் பத்திரம் எந்த வருடம்? இது நான்கும் தெரியாமல் "கிளீன்" என்று சொல்வதற்கு அர்த்தமே இல்லை.

நெல்லிக்குப்பம் சரோஜா
ஐயா, கோபப்படாதீங்க, அவங்க பயந்து போய்தான் கேட்கிறாங்க. வித்யாம்மா, நான் வேற ஒன்று சொல்கிறேன். முதலில் அதே ஊரில் வாடகைக்கு ஒரு வீடு பாருங்கள். ஒரு ஐப்பசி, கார்த்திகையையும் ஒரு சித்திரையையும் அங்கே கழியுங்கள். ராத்திரி பத்து மணிக்கு நெஞ்சு வலித்தால் வண்டி வருமா, கடைசி டவுன் பஸ் எத்தனை மணிக்கு, ஜிப்மருக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகிறது, இதெல்லாம் பத்திரத்தில் எழுதியிருக்காது. எங்கள் தெருவுக்குச் சென்னையிலிருந்து வந்த ஒரு தம்பதி வீட்டைக் கட்டி முடித்துவிட்டு, டயாலிசிஸுக்கு வாரத்தில் மூன்று நாள் கார் எடுத்துக்கொண்டு அலைகிறார்கள். பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது.

அம்பத்தூர் வித்யா
மன்னிக்கவும், வேலைக்கு நடுவில் எழுதியது. தமிழ்நாடுதான், தூக்கணாம்பாக்கம் பக்கம், கடலூர் மாவட்டம். ஈசி புரோக்கரே போட்டுக் கொடுத்தார். 2000லிருந்து இன்று வரைக்கும். படிவம் 16 என்று மேலே இருக்கிறது, உள்ளே ஒரு பதிவும் இல்லை. விற்பவரின் அப்பா 1991இல் வாங்கியிருக்கிறார். பத்திரத்தின் ஜெராக்ஸ் மட்டும் காட்டினார்கள்.

நில அளவை (ஓய்வு)
இப்போதுதான் விஷயத்துக்கு வருகிறோம். கவனமாகப் படியுங்கள் அம்மா.

படிவம் 16 என்றால் நீங்கள் கொடுத்த எண்ணில், நீங்கள் கேட்ட காலத்தில், ஒரு பத்திரமும் பதிவாகவில்லை என்று மட்டும்தான் பொருள். சொத்து சுத்தம் என்று பொருள் இல்லை. 1991இல் கிரயம் ஆன சொத்துக்கு 2000லிருந்து தேடினால் அந்தக் கிரயமே தெரியாது. 1975லிருந்து போடுங்கள், அந்த 1991 பத்திரம் ஈசியில் வந்தாக வேண்டும். வரவில்லை என்றால் எண் தப்பு, அல்லது பத்திரமே தப்பு.

எண் தப்பாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். நத்தத்துக்கு நிலவரித் திட்ட சர்வே நடந்தபோது ஒவ்வொரு வீட்டு மனைக்கும் புது உட்பிரிவு எண் கொடுத்தோம். அதற்கு முந்தைய பத்திரங்களில் பழைய எண்தான் இருக்கும். புரோக்கர் புது எண்ணைப் போட்டுத் தேடியிருப்பார். இரண்டு எண்ணுக்கும் தனித்தனியாக ஈசி போடுங்கள். நடுவில் அந்த ஊர் ஒரு சார்பதிவாளர் அலுவலகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறியிருந்தால் பழைய அலுவலகத்திலும் பார்க்க வேண்டும்.

அடுத்தது, நத்தத்துக்குப் பட்டா கிடையாது என்பது சுத்தப் பொய். நத்தம் பட்டா என்றே தனியாக உண்டு. இணையத்தில் பட்டா பார்க்கும் இடத்தில் நத்தம் என்று தனித் தேர்வு இருக்கிறது, அதில் பாருங்கள். கிடைக்காவிட்டால் வி.ஏ.ஓ.விடம் நத்தம் கணக்கு இருக்கும். வீட்டு வரி ரசீதும் கரண்ட் பில்லும் அங்கே யார் குடியிருக்கிறார்கள் என்றுதான் காட்டும். மண் யாருடையது என்று சொல்லாது.

மஞ்சக்குப்பம் ரவி
ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நத்தம் என்றாலே அரசு நிலம் என்று சிலர் பயமுறுத்துவார்கள். அப்படி இல்லை. கிராம நத்தம் குடியிருப்பவர்களுக்கானது, அரசுக்குச் சொந்தமில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. நத்தத்தில் வீடு வாங்கலாம், தாராளமாக வாங்கலாம். புறம்போக்கைத்தான் வாங்கக் கூடாது. கோயில் நிலமா என்றும் விசாரியுங்கள். நம் பக்கம் அது நிறைய.

கேப்பர் மலை செந்தில்
எதற்கு அந்தப் பள்ளத்தில் போய் விழுகிறீர்கள்? பெண்ணையாற்றுக் கரையில் வீடு வாங்கி வருடா வருடம் வெள்ளத்தைப் பார்த்துக்கொண்டு உட்காரவா? கேப்பர் மலைப் பக்கம் வாருங்கள். வெள்ளக்கரை, ராமாபுரம் வரைக்கும் செம்மண் மேடு. வாழை, முந்திரி, பலா. காற்று அப்படி இருக்கும். கடலூர் பஸ் ஸ்டாண்டும் பக்கம். மழை பெய்த ஒரு மணி நேரத்தில் வாசல் காய்ந்துவிடும்.

பாகூர் ஏரிக்கரை
பள்ளம் என்று ஒரே வார்த்தையில் முடிக்காதீர்கள். ஃபெங்கல் புயலை வைத்துத்தானே சொல்கிறீர்கள்? 2024 நவம்பர் 30 ராத்திரி புயல் கரையைக் கடந்தது, பாண்டிச்சேரியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அந்த மழையைக்கூட எங்கள் ஊர் தாங்கியது. அடுத்து சாத்தனூர் அணையில் விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்தபோதுதான் பெண்ணையாறு கரை மீறியது. எப்போதாவது வருகிற வெள்ளத்துக்காக இந்த மண்ணையே வேண்டாம் என்பதா? சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வந்து ஏரி நிரம்புகிறது, ஏரி நிரம்பினால் கிணறு நிரம்புகிறது. மூன்று போகம் விளைந்த பூமி இது.

கேப்பர் மலை செந்தில்
அறுபது வயதில் மூன்று போகம் நட்டு என்ன செய்யப்போகிறார்கள்? ராத்திரியில் தண்ணீர் வந்தால் பீரோவை யார் தூக்குவது? அதைச் சொல்லுங்கள்.

பலாத்தோப்பு
செந்தில், மேடு என்றால் பத்திரம் என்று எழுதி வைக்காதீர்கள். 2015 நவம்பரில் பண்ருட்டிப் பக்கம் பெரியகாட்டுப்பாளையம், விசூரில் என்ன நடந்தது? அங்கே பெண்ணையாறும் இல்லை, கெடிலமும் இல்லை. மேட்டில் பெய்த மழை ஓடையில் இறங்கிக் காட்டாறாக வந்து வீடுகளையும் ஆட்களையும் அடித்துக்கொண்டு போனது. ஆறு எவ்வளவு தூரம் என்று எல்லாரும் கேட்கிறோம், வீட்டுக்குப் பின்னால் இருக்கிற வாய்க்காலும் ஓடையும் எங்கே போகிறது என்று யாரும் கேட்பதில்லை. கோடையில் முள் மண்டிக் கிடக்கும், மனையோடு சேர்ந்தது போலவே இருக்கும். மழையில்தான் அது வாய்க்கால் என்று தெரியும்.

உப்பனாறு
கேப்பர் மலையில் போர் எவ்வளவு ஆழம் போட வேண்டும் என்பதையும் செந்தில் சொல்லிவிட்டால் நன்றாக இருக்கும்.

கேப்பர் மலை செந்தில்
ஆழம்தான், மறைக்கவில்லை. வந்தால் நல்ல தண்ணீர் வருகிறது. உப்பு இல்லை.

பாகூர் ஏரிக்கரை
தானே புயலில் உங்கள் முந்திரியும் பலாவும் என்ன ஆயின? 2011 டிசம்பர் 30 காலை, பண்ருட்டி வரைக்கும் தோப்பு தோப்பாகச் சாய்ந்து கிடந்தது. மேட்டில் காற்று, பள்ளத்தில் தண்ணீர். எங்கே போனாலும் ஒன்று உண்டு.

நில அளவை (ஓய்வு)
ஊர்ப் பெருமையைத் தனி இழையில் பேசுங்கள். ஆனால் பலாத்தோப்பு கேட்டது சரியான கேள்வி. வித்யாம்மா, 14 சென்ட் என்று யார் சொன்னது? பத்திரத்திலா, வாய்ப் பேச்சிலா? நத்தம் பட்டாவில் சென்ட் இருக்காது, சதுர மீட்டர் இருக்கும். ஒரு சென்ட் சுமார் 40.5 சதுர மீட்டர். பட்டாவில் உள்ளதை வகுத்துப் பாருங்கள். புல வரைபடத்தை வாங்கி, வீட்டின் பின் எல்லையில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

நெல்லிக்குப்பம் சரோஜா
ஓட்டு வீடு என்கிறீர்களே, மேலே ஏறிப் பார்த்தீர்களா? ஓட்டைத் தாங்கும் கைமரம் சுவருக்குள் போகிற இடத்தில் விரல் முட்டியால் தட்டுங்கள். கணீர் என்று இருந்தால் நல்லது. பொத்தென்று இருந்தாலோ மண் கோடு ஓடியிருந்தாலோ கரையான். சுவரில் இடுப்பு உயரத்துக்குச் சுண்ணாம்பு நிறம் மாறியிருக்கிறதா என்றும் பாருங்கள், வெள்ளம் எதுவரை வந்தது என்று அது சொல்லிவிடும். புதிதாக வெள்ளை அடித்திருந்தால் பக்கத்து வீட்டு அம்மாவிடம் கேளுங்கள். வாங்கிய பிறகு சொல்லுகிறவர்கள், முன்னாலேயே கேட்டாலும் சொல்வார்கள்.

திருப்பாதிரிப்புலியூர் குமார்
பதிவுச் செலவையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். முத்திரைத்தாள் 7, பதிவுக் கட்டணம் 2, ஆக மொத்தம் 9 சதவீதம். பெண் பெயரில் வாங்கினால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைப்பு 2025 ஏப்ரலிலிருந்து இருக்கிறது, ஆனால் 10 லட்சம் வரையிலான சொத்துக்கு மட்டும்.

மஞ்சக்குப்பம் ரவி
விழுப்புரம் – நாகை நான்கு வழிச்சாலைக்கு எடுத்த நிலத்தில் ஏதாவது சிக்கியிருக்கிறதா என்றும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அசல் பத்திரம் எங்கே என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. ஜெராக்ஸை மட்டும் காட்டினால் அசல் வங்கியிலோ வட்டிக்காரரிடமோ இருக்கலாம். அப்பா காலமாகியிருந்தால் வாரிசுச் சான்றிதழில் எத்தனை பெயர்? சகோதரிகள் இருக்கிறார்களா? அவர்களும் கையெழுத்துப் போட வேண்டும்.

புதுவை அன்பன்
வெள்ளிக்கிழமை ஆகிவிட்டதே, என்ன ஆயிற்று சகோதரி?

உப்பனாறு
தண்ணீர் பார்த்தீர்களா?

அம்பத்தூர் வித்யா
எல்லாருக்கும் நன்றி. ஊரில் இருந்ததால் பதில் போட முடியவில்லை. அட்வான்ஸ் கொடுக்கவில்லை. வேறு பார்ட்டியும் வரவில்லை. ஐயா சொன்னபடி பழைய எண்ணில் 1975லிருந்து ஈசி போட்டோம், 1991 கிரயம் வந்தது. கூடவே 2009இல் ஒரு அடமானமும் வந்தது, அதை அடைத்ததற்கு ரசீதுப் பத்திரம் ஈசியில் இல்லை. நத்தம் பட்டாவும் இருக்கிறது, விற்பவரின் அப்பா பெயரில். 324 சதுர மீட்டர். அதாவது 8 சென்ட். மீதி 6 சென்ட் வாய்க்கால் புறம்போக்கு, அதற்கு பி மெமோ (ஆக்கிரமிப்புக்கான அபராதம்) கட்டி வருகிறார்களாம். 8 சென்ட்டுக்கு மட்டும் விலை சொல்லுங்கள், அடமானத்தை அடைத்து அசல் பத்திரத்தோடு வாருங்கள் என்று இவர் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். கைமரம் நன்றாக இருக்கிறது சரோஜாம்மா. பிறகு எழுதுகிறேன்.

பலாத்தோப்பு
கிணறும் தென்னையும் எந்தப் பக்கம் வருகின்றன, 8 சென்ட்டிலா 6 சென்ட்டிலா?

நில அளவை (ஓய்வு)
பின்பக்கம் என்று முதல் பதிவிலேயே எழுதியிருக்கிறார், புறம்போக்கில்தான் வரும். நீர்நிலைப் புறம்போக்கு என்றைக்கும் பட்டா ஆகாது, பி மெமோ கட்டினாலும் உரிமை வராது, ஆக்கிரமிப்பை அகற்ற நோட்டீஸ் வந்தால் விட்டுத்தான் ஆக வேண்டும். அதனால் அம்மா, 8 சென்ட்டுக்கு விலை பேசும்போது புதுப் போர் போடுகிற செலவையும் கழித்துப் பேசுங்கள். கையெழுத்துக்கு முன்னால் சர்வேயருக்குப் பணம் கட்டி அளந்து, நான்கு மூலையிலும் கல் நட்டு, நட்ட கல்லோடு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வாரிசுச் சான்றிதழைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. அதையும் கேட்டு வாங்குங்கள்.