கோடை மழைக்குப் பிறகு வேப்பமரத்தை மொட்டையடிக்கும் வண்டு: என்ன செய்யலாம்?

கேள்வி: உடுமலைப் பக்கம், செம்மண் பூமி. வாசலில் வளர்ந்த வேம்பு இரண்டு, வேலியோரம் போன வருடம் வைத்த வேப்பங்கன்றுகள் ஆறு. முதல் கோடை மழைக்கு மறுநாளில் இருந்து இலைகள் அரிபட்டு நரம்புதான் மிஞ்சுகிறது. பகலில் தேடினால் ஒரு பூச்சிகூட இல்லை. வேப்பெண்ணெய் அடித்தும் கேட்கவில்லை. எந்த மருந்து சரியாக இருக்கும்?

பதில் 1: மருந்தை விடுங்கள் ஐயா, டார்ச் எடுத்துக்கொண்டு இரவு ஏழரைக்குப் போய்ப் பாருங்கள். 2 செ.மீ. நீளத்தில் செம்பழுப்பு வண்டுகள் கொப்பெல்லாம் மொய்த்திருக்கும். மண்ணுக்குள் இருந்து வேரைத் தின்னும் வேர்ப்புழுவின் தாய் வண்டு இது. மண் நனைந்ததும் அந்தியில் வெளியே வரும். இரவு முழுக்கத் தின்று, இணை சேர்ந்து, விடியுமுன் மண்ணுக்குள் போய்விடும். வேப்பிலையே இதற்குப் பிடித்த தீனி. அப்புறம் வேப்பெண்ணெய் எப்படிக் கேட்கும்?

மரத்தடியில் பழைய தார்ப்பாயை விரித்து, எட்டு மணியில் இருந்து தொரட்டியால் கொப்புகளை உலுக்குங்கள். தின்று கொண்டிருக்கும் வண்டு பொத்தென்று விழும். பத்து லிட்டர் வாளித் தண்ணீரில் அரை லிட்டர் மண்ணெண்ணெய் விட்டு அதில் கொட்டிவிடுங்கள். மண்ணெண்ணெய் இல்லையென்றால் சோப்புக் கரைசல். வெறும் தண்ணீரில் போட்டால் ஏறிப் பறந்துவிடும். அடுத்தடுத்து மழை பெய்தால் புதிய கூட்டம் கிளம்பும், எனவே இரண்டு மூன்று வாரம் விடாமல் செய்ய வேண்டும். பக்கத்துத் தோட்டக்காரரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர் மரத்து வண்டு உங்கள் மண்ணிலும் முட்டையிடும்.

பெரிய மரம் மொட்டையானாலும் தளிர்த்துக்கொள்ளும். கன்றுதான் தாங்காது. சாயங்காலம் ஆறு மணிக்கே கொசுவலையால் மூடி, அடியைத் தண்டோடு சேர்த்துக் கட்டுங்கள். வலை தரையில் தொங்கினால் உள்ளிருக்கும் மண்ணில் இருந்தே வண்டு ஏறும்.

பதில் 2: விளக்குப்பொறியும் உதவும். ஆனால் கன்றுக்குப் பக்கத்தில் வைத்தால் தீனிக்கு நீங்களே அழைத்தது போலாகும். பத்தடியாவது தள்ளி வையுங்கள். பத்து மணிக்கு அணைத்துவிடுங்கள், நன்மை செய்யும் பூச்சிகளும் வந்து விழும்.

கேட்டவர்: நன்றி. புல்தரையும் இருக்கிறது. பழைய துண்டுப் பிரசுரத்தில் வேர்ப்புழுவுக்குப் போரேட் என்ற பூச்சிக்கொல்லிக் குருணை போடச் சொல்லியிருக்கிறதே?

பதில் 1: போடாதீர்கள். 2020 கடைசியோடு இந்தியாவில் போரேட்டுக்குத் தடை. வண்டின் முட்டை மண்ணில் 5 முதல் 10 செ.மீ. ஆழத்தில் இருக்கும், பத்து நாள் போல் கழித்துப் பொரியும். அந்தச் சின்னப் புழுவைப் பிடிப்பதுதான் சுலபம். ஆகஸ்டுக்கு மேல் பெருத்துவிட்டால் எதற்கும் மசியாது. புழுவைக் கொல்லும் பூஞ்சாணமான மெட்டாரைசியம் 1 கிலோவை 50 கிலோ மக்கிய தொழுவுரத்தில் கலந்து, ஈரச்சாக்கு போட்டு ஒரு வாரம் நிழலில் வையுங்கள். பிறகு வெயில் தாழ்ந்ததும் தூவி, புல்வேர் மட்டம் வரை இறங்கும்படி நீர் பாய்ச்சுங்கள். மண் காய்ந்தால் பூஞ்சாணம் வேலை செய்யாது. அதே சமயம் கார்பெண்டாசிம் என்ற பூஞ்சாணக்கொல்லியை ஊற்றினால் மெட்டாரைசியமே செத்துவிடும். மக்காத சாணத்தை எக்காரணம் கொண்டும் கொட்டாதீர்கள், முட்டையிட வண்டு அங்கேதான் வரும்.

பதில் 3: ஒன்றைக் கவனியுங்கள். இலை அரிபடாமல் கொப்பு நுனி பழுப்பேறிக் காய்ந்து, இலை கருகித் தொங்கினால் அது வண்டு இல்லை. தேயிலைக்கொசு என்ற சாறு உறிஞ்சும் பூச்சி அல்லது நுனிக்கருகல் நோயாக இருக்கும், உலுக்கிப் பயனில்லை. காய்ந்த கொப்பைப் பச்சைப் பகுதி வரை வெட்டி எரித்துவிடுங்கள்.